மனத்தைப் பார்க்கும் பயிற்சி: கலங்கிய நீரிலிருந்து தொடங்குங்கள்

ஞானம் அடைந்த மனம் என்றதும், எண்ணமே எழாத வெறுமை என்று நினைத்துப் பலர் தியானத்தில் அமர்கிறார்கள். பத்தாவது நிமிடத்தில் ஓர் எண்ணம் வந்தால் மனம் விட்டுப்போகிறது. பாலி மொழியிலுள்ள பழைய பௌத்த நூல்கள் அப்படிச் சொல்வதில்லை. மனம் ஒளியுடையது, அழுக்குதான் வந்து படிகிறது என்கிறது அவற்றுள் ஒன்றான அங்குத்தர நிகாயம். ஆசை, வெறுப்பு, மயக்கம் மூன்றும் வேரோடு அறுவதே விடுதலை. உடல் வலி அதனால் மறைந்துவிடாது. புத்தருக்கே ஒருமுறை முதுகு வலித்தது. போதனையைச் சீடர் ஆனந்தரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

காலையில் 20 நிமிடம் போதும். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில், மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடிக்காத மூலையாகப் பாருங்கள். அடித்தால் மூக்கு நுனியில் மூச்சு படுவது தெரியாது. மடித்த போர்வையின் மேல், முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்திருக்கும்படி அமருங்கள். நாற்காலியும் சரியே.

முதல் 5 நிமிடம் மூச்சு மட்டும். பிறகு, மனம் எந்த நிலையில் இருக்கிறதோ அதை ஒரே சொல்லில் குறியுங்கள். மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கிறார்கள், எரிச்சல் வருகிறது: ‘வெறுப்பு’. அவ்வளவுதான். ‘நான் ஏன் இப்படிக் கோபப்படுகிறேன்’ என்று நீட்டினால் அது இன்னொரு எண்ணம். எரிச்சல் அடங்கியதும் ‘வெறுப்பு இல்லை’ என்றும் குறிக்க வேண்டும். விழிப்புடன் கவனிப்பது பற்றிய புத்தரின் போதனையான சதிபட்டான சூத்திரம் இரண்டையும் இணையாகவே சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அழுக்கு வந்து போவது என்பது கண்கூடாகத் தெரிவது அங்கேதான்.

மனத் தெளிவை மறைக்கும் ஐந்து தடைகளையும் புத்தர் கிண்ணத்து நீராகக் காட்டினார். சாயம் கலந்தது ஆசை, கொதிப்பது வெறுப்பு, பாசி படர்ந்தது சோம்பல், காற்றில் அலைவது பரபரப்பு, இருட்டில் வைத்த சேற்றுநீர் ஐயம். எதிலும் முகம் தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. தூங்கி வழியும்போது மேலும் அமைதியைத் தேடுவது, ஈரப்புல்லைப் போட்டு நெருப்பை ஊதுவது போல. அப்போது வேண்டியது ஊக்கம். பரபரப்பில் ஊக்கத்தைக் கூட்டினால் எரிகிற தீயில் காய்ந்த புல். அங்கே மூச்சைத் தளர்த்துங்கள்.

தூக்கத்துக்கு, சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன வழி அப்படியே இன்றும் பயன்படும். காதுமடலை இழுத்துவிடுங்கள், முகத்தில் தண்ணீர் தெளியுங்கள், தாழ்வாரத்தில் நின்று வானத்தைப் பாருங்கள், நடந்து பாருங்கள். எதற்கும் மசியாவிட்டால், எழும் நேரத்தை மனத்தில் வைத்து வலப்பக்கமாகப் படுத்துவிடலாம். ரேஸ் கோர்ஸ் சாலை சாக்கியமுனி புத்தகயா கோயிலில், 15 மீட்டர் சிலைக்குப் பின்னாலுள்ள சிற்றறையில் பள்ளிகொண்ட புத்தரைப் பார்த்தால் அப்படிப் படுக்கும் விதம் புரியும்.

சில நாள் நீர் தெளிந்தே இருக்கும். அதையும் ‘ஒன்றிய மனம்’ என்று குறியுங்கள். ஞானம் கிட்டிவிட்டதாக எண்ண வேண்டாம். அடங்கிய ஆசை வேறு, வேரற்ற ஆசை வேறு. அன்று காலையே எம்ஆர்டி ரயிலில் யாராவது தோளில் இடிக்கட்டும். புத்தர் சொன்ன உவமையில், வலி முதல் அம்பு. ‘கண் தெரியாதா?’ என்று உள்ளே எழுகிறதே, அது இரண்டாவது அம்பு. அதற்கும் ஒரு சொல் வையுங்கள்.