புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: சில்லறையில் பழைய காசு தேடுவோர் செய்யும் தவறுகள்

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால் நம் வீடுகளில் அது நேராக அடுப்படிக்குத்தான் போகும். புளியில் ஊறும், எலுமிச்சை மூடியால் தேய்படும், விபூதியால் பளபளப்பாகும். நானும் அதையே செய்தேன். பெரியம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கிடந்த ஐந்தாம் ஜார்ஜ் காலத்துக் காலணா ஒன்றைப் பள்ளி விடுமுறையில் புளி போட்டுத் தேய்த்தேன். கரும்பழுப்பாக இருந்தது இளஞ்சிவப்பாக மின்னியது. பல வருடம் கழித்து நாணயம் வாங்கி விற்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். லென்ஸைக்கூட எடுக்கவில்லை. “கழுவிட்டீங்களே தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காசு சேர்க்கத் தொடங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். செம்பு, வெண்கலக் காசின் மேல் பல பத்தாண்டுகளாகப் படியும் பழுப்புப் படலத்தை அழுக்கு என்று நினைத்துவிடுகிறோம். அடியில் இருக்கும் உலோகத்தைக் காப்பதே அந்தப் படலம்தான். சேகரிப்பவர்கள் அதைப் பாட்டினா என்பார்கள். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் அதை அரித்துவிடும். பிறகு தேய்க்கிற தேய்ப்பில் முடி போன்ற கீறல்கள் விழும். எழுத்தின் விளிம்பும் மன்னரின் மீசையும் மழுங்கும். போன படலத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வெள்ளிக் காசு கறுத்திருந்தாலும் அப்படியே விடுங்கள். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தேய்க்கவே கூடாது. பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்து பரவினால் மட்டும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்த தவறு, பழசு என்றாலே விலை போகும் என்ற நம்பிக்கை. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா பல வீட்டு உண்டியல்களில் இன்னும் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் போர்க்காலத்தில் அதைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் வருடப் பழமை கொண்டது. ஆனாலும் அதில் தேய்ந்துபோன சாதாரண காசு சில நூறு ரூபாயைத் தாண்டாது. ஒரு காசின் விலை எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சியது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வயது அதற்கெல்லாம் பின்னால்தான்.

வெள்ளி விஷயத்தில் இன்னும் ஏமாறுகிறோம். ‘வெள்ளைக்காரன் ரூபாய் எல்லாம் வெள்ளி’ என்பது தவறு. விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 11.66 கிராம் எடை, நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். புலி உருவம் போட்ட 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, அது நிக்கல். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் தாவி ஒட்டிக்கொள்ளும். அதே ஆறாம் ஜார்ஜ் வரிசையில் 1939 என்று ஆண்டு போட்ட ரூபாய் மிக அரிது. அதனாலேயே அதில் போலி அதிகம். எடை போடாமல் வாங்காதீர்கள்.

கையில் புழங்கும் சில்லறைக்கு வருவோம். எல்லாரும் பார்க்கத் தவறும் இடம் ஆண்டு எண்ணுக்குக் கீழே இருக்கிறது. வைரக்கட்டி வடிவம் இருந்தால் மும்பை அக்கசாலை (நாணயம் அடிக்கும் இடம்), நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. கொல்கத்தா நாணயத்தில் குறியே இருக்காது. இது தெரியாமல் “குறி இல்லை, பிழை நாணயம்” என்று குதிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். சில வருடங்களில் நம் நாணயங்களை வெளிநாட்டிலும் அடித்தார்கள். 1985 ஒரு ரூபாயில் H என்ற எழுத்து இருந்தால் அது பர்மிங்காமில் அடித்தது. 1990களின் இறுதியில் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய்களில் மெக்சிகோவில் அடித்தவையும் உண்டு. பெரிய பணம் வராது என்றாலும், பஸ் கண்டக்டர் கொடுத்த ஒரு ரூபாய் மெக்சிகோவிலிருந்து கிளம்பியது என்று தெரிகிற நொடியின் மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை.

பின்பக்கம் பார்க்காமல் செலவழிப்பதும் தவறுதான். 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த நாணயங்களில் திருவள்ளுவர் இருக்கிறார். காமராசர் நூற்றாண்டு, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு என்று ஐந்து ரூபாய் நாணயங்கள் உண்டு. அண்ணா நூற்றாண்டுக்காக 2009இல் வந்த ஐந்து ரூபாயில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது. தேயாத ஒன்று கிடைத்தால் எடுத்து வையுங்கள். ஆனால் நினைவு நாணயம் என்பதாலேயே அது அரிதாகிவிடாது. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயின. அதனாலும் அவற்றுக்கு விலை ஏறிவிடவில்லை. 50 பைசா இன்னும் செல்லும்.

பிழை நாணயத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அக்கசாலையில் நடந்த பிழைக்குத்தான் அந்த மதிப்பு: அச்சு ஒருபக்கம் விலகி விழுந்தது, ஒரு பக்கம் அச்சே விழாதது, அச்சு திரும்பியிருப்பது. கடைசியானதை நீங்களே சோதிக்கலாம். காசின் மேல், கீழ் விளிம்புகளைப் பிடித்து இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். பெரும்பாலான இந்திய நாணயங்களில் பின்பக்கமும் நேராகவே நிற்கும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் தனியே வையுங்கள். தண்டவாளத்தில் நசுங்கியதும், தாலிச்சரட்டில் கோக்கத் துளை போட்டதும், வண்டி ஏறி எழுத்து போனதும் சேதம் மட்டுமே.

பணமே போகிற தவறு ஒன்று இருக்கிறது. வைஷ்ணோ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய் இருந்தால் லட்சக்கணக்கில் தருகிறோம் என்று போனில் விளம்பரம் வரும். கூப்பிட்டால் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று நம்மிடமிருந்து கறப்பார்கள். 2012இல் வந்த அந்த நாணயம் சாதாரணமாகக் கிடைப்பது. இப்படிப்பட்ட வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. வாங்குகிறவன் முன்பணம் கேட்டால் அவன் வாங்க வரவில்லை. ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று விற்பதும் புரட்டு. கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் காசு என்று ‘ரைஸ் புல்லிங்’ கும்பல் காட்டுவதும் இதே வகைதான். இதில் சொத்தையே இழந்த குடும்பங்கள் நம் ஊரில் உண்டு.

விலை தெரிய வேண்டுமானால், இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைத் தேடுங்கள். சென்னையில் இருந்தால் மெட்ராஸ் காயின் சொசைட்டி உறுப்பினர்களிடம் காட்டலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கலாம்.

எடுத்து வைத்ததையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். மலிவான பி.வி.சி. ஆல்பத்தில் பச்சைப் பிசுக்கு ஏறும். நடுவில் மெல்லிய ஜன்னல் வைத்த அட்டை உறை சில ரூபாய்க்குக் கிடைக்கும். காசை விளிம்பில் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, என்று, எந்த ஊரில், யார் கொடுத்த சில்லறையில் வந்தது என்று பென்சிலால் அட்டையின் மூலையில் எழுதிவிடுங்கள்.