கீகேட் 9-க்கு மாறுகிறீர்களா? முதலில் நகல் எடுங்கள்

சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளான கீகேட் (KiCad) 9 போட்டதும் பழைய ப்ராஜெக்டைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கும். திறக்கலாம், தப்பில்லை. சிக்கல் சேமிப்பதில்தான். புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த போர்டு ஃபைலை 8 திறக்காது. கூட வேலை செய்பவர் இன்னும் 8-இல் இருந்தால் அவர் பாடு திண்டாட்டம். ஆகவே முதலில் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள்.

போர்டைத் திறந்ததும் நான் அழுத்துவது 'B' விசை. காப்பர் ஜோன்களை, அதாவது போர்டில் செம்பு நிரப்பும் பரப்புகளை, அது மறுபடி நிரப்பும். ட்ராக்கை (பாகங்களை இணைக்கும் செம்புக் கோட்டை) நகர்த்திவிட்டு இதை மறந்தால், திரையில் நிற்பது பழைய நிரப்பு. புது ட்ராக் கிரவுண்ட் காப்பர் மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். போர்டு செய்பவருக்கு அனுப்பும் கெர்பர் ஃபைல்களை எடுக்கும் பெட்டியில் ஜோன் நிரப்பைச் சரிபார்க்கும் டிக் ஒன்று உண்டு. அதை எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் டிஆர்சி, அதாவது டிசைன் விதிகளைச் சரிபார்க்கும் சோதனை. ஃபுட்பிரிண்ட் (ஒரு பாகம் போர்டில் உட்காரும் இடத்தின் வடிவம்) லைப்ரரியோடு பொருந்தவில்லை என்று எச்சரிக்கைகள் வரிசையாக வரலாம். பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரே அடியாக அப்டேட் செய்ய வேண்டாம். நீங்கள் கையால் திருத்திய பேடு (சால்டர் வைக்கும் செம்புத் திட்டு) அளவுகள் சத்தமில்லாமல் பழையபடி ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பாருங்கள், எரிச்சலான வேலைதான்.