லிங்கன் மலைகளில் முதல் ஸ்கீ டூரிங்: கைடுடன் போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

ஸ்கீ டூரிங் என்றால் லிஃப்ட் இல்லாத பனிச்சறுக்கு. ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்கிற பட்டையை ஒட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் அதை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். இதற்கென்றே பல நாட்டு ஆட்கள் தேடி வரும் இடம் வட நார்வேயில் உள்ள லிங்கன் தீபகற்பம். ட்ரொம்சோ நகருக்குக் கிழக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. மேற்கில் உல்ஸ்ஃபியோர்டு, கிழக்கில் லிங்கன்ஃபியோர்டு (ஃபியோர்டு என்றால் நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல்), நடுவில் கடலிலிருந்து நேராக எழும்பும் மலைகள். இருப்பதிலேயே உயரமான யீக்கேவாரி 1834 மீட்டர். அதனால் உயரத்தால் மூச்சு முட்டும் பிரச்சினை இங்கே கிடையாது. ஆனால் கரையிலிருந்தே ஏறத் தொடங்குவதால் ஒவ்வொரு மீட்டரையும் உங்கள் கால்தான் ஏற வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ன சிகரம்தான் என்று மனதில் குறித்துக்கொண்டு போகாதீர்கள். அன்றைய பனி எந்தச் சரிவுக்கு இடம் கொடுக்கிறதோ அதில் ஏறுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இதற்கான தயாரிப்புதான்.

படி 1: சறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், காலைத் தயார் செய்யுங்கள்

டூரிங்குக்குப் புதியவராக இருக்கலாம். பனிச்சறுக்குக்கே புதியவராக இருக்கக் கூடாது. ஏறும் முறையைக் கைடு அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார். மேலே ஓடு போல இறுகி உள்ளே பொடியாக இருக்கும் பனியில் இறங்கும் திறமையை அவரால் ஒரு வாரத்தில் தர முடியாது. ரிசார்ட்டின் சிவப்புத் தடங்களில் (நடுத்தரக் கடினம் உள்ளவை) இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் திரும்பி, நினைத்த இடத்தில் நிற்க வர வேண்டும். சமன் செய்யாத பனியிலும் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் காஷ்மீரின் குல்மர்க்கிலோ உத்தராகண்டின் ஔலியிலோ தொடங்கலாம். ஆனால் ஒரு அடிப்படைப் பயிற்சி முடித்த கையோடு லிங்கனுக்கு டிக்கெட் போட வேண்டாம்.

அப்புறம் கால். ஒரு நாளில் 800 முதல் 1200 மீட்டர் வரை ஏறுவது இங்கே சாதாரணம். நிதானமாக ஏறுகிறவருக்கு மணிக்கு 300 மீட்டர் கணக்கு. ஒரு மாடியை 3 மீட்டர் என்று வைத்தால், மணிக்கு நூறு மாடி. மூன்று மாதம் முன்பே முதுகில் பையோடு படிக்கட்டு ஏறத் தொடங்குங்கள்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை இங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. பிப்ரவரியில் வெளிச்சம் திரும்பினாலும் பகல் குறைவு, குளிர் கடுமை. மே கடைசி வாரத்தில் சூரியன் மறையாது, ஆனால் தாழ்வான இடங்களில் பனி கரைந்திருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் போவதுதான் நல்லது என்பேன். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் வந்து சேர்வதால் கரையோரம் குளிர் அவ்வளவு மோசமாக இருக்காது. காற்றுதான் ஆளை வாட்டும்.

படி 3: கைடைப் பிடியுங்கள்

ஐ.எஃப்.எம்.ஜி.ஏ. என்ற சர்வதேச மலை வழிகாட்டிகள் சங்கத்தின் சான்று உள்ளவரா என்று பாருங்கள். ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள். இன்னொரு கேள்வியும் அவசியம்: “வானிலை மோசமானால் என்ன செய்வீர்கள்?” எந்த ஃபியோர்டுப் பக்கம் ஒதுங்குவோம், எந்தத் தாழ்வான மலைக்குப் போவோம் என்று விவரமாகப் பதில் வந்தால் அவரை நம்பிப் போகலாம். கைடோடு வருவது இங்கே புதிதும் இல்லை. 1898-லும் 1899-லும் எலிசபெத் மெய்ன் என்ற பெண்மணி, யோசெஃப் இம்போடன் என்ற சுவிஸ் கைடுடன் வந்துதான் இங்கே பல சிகரங்களில் ஏறினார்.

தங்க இரண்டு வழி உண்டு. லிங்ஸைடெட் போன்ற ஊரில் வீடு எடுத்துத் தினமும் காரில் கிளம்பலாம். அல்லது படகில் தங்கி, அன்றன்றைக்குத் தோதான கரையில் இறங்கி ஏறலாம். காற்று திசை மாறினால் வேறு ஃபியோர்டுக்குப் போய்விட முடியும் என்பதால் எனக்குப் படகுதான் பிடிக்கும். செலவு கூடுதல். கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வீடே சரி.

நார்வே போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆனால் அதற்காக எடுக்கும் சாதாரண பாலிசி, தடத்துக்கு வெளியே சறுக்குவதையும் மலை மீட்பையும் விலக்கியிருக்கலாம். அந்த இரண்டும் சேர்ந்த பாலிசியாகப் பார்த்து எடுங்கள்.

படி 4: சாமான்

உடம்போடு ஒட்டிய உடை கம்பளி நூலில் இருக்கட்டும், பருத்தி வேண்டாம். காற்று புகாத ஜாக்கெட், நிற்கும்போது போட ஒரு தடித்த ஜாக்கெட், இரண்டு ஜோடி கையுறை, கறுப்புக் கண்ணாடி, காகிள்ஸ். இறுகிய பனியில் வழுக்காமல் இருக்க, ஸ்கீயில் மாட்டும் பற்கள் கொண்ட ஸ்கீ கிராம்பான். இவ்வளவு போதும். ஸ்கீயை வாடகைக்கு எடுக்கலாம். பூட்ஸை மட்டும் முடிந்தால் சொந்தமாக வாங்கி, வீட்டிலேயே சில மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள். முதல் நாள் குதிகாலில் வரும் கொப்புளத்தால் மொத்தப் பயணமும் கெடும்.

படி 5: பீக்கன் பயிற்சி

பனிச்சரிவில் (மலையிலிருந்து பனி பெயர்ந்து விழுவதில்) புதைந்தவரைத் தேட உதவும், சிக்னல் அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவியான பீக்கன், பனிக்குள் குத்திப் பார்க்கும் புரோப் என்ற நீளக் குச்சி, அலுமினிய மண்வாரி. இந்த மூன்றும் இல்லாமல் யாரும் மலை ஏறக் கூடாது. பனிக்கடியில் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன்பிறகு அது வேகமாகச் சரிகிறது. அவ்வளவு சீக்கிரத்தில் ஹெலிகாப்டர் வந்து சேராது. காப்பாற்ற முடிகிறவர்கள் உங்களோடு வந்தவர்கள் மட்டும்தான். அதனால் இதைக் கைடு பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். புதைந்தது கைடாகவும் இருக்கலாம்.

எல்லா பீக்கனும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்கும். தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறி காட்டும் திசையில் போங்கள். தூரத்தைக் காட்டும் எண் குறையக் குறைய வேகத்தைக் குறையுங்கள். கடைசி மூன்று மீட்டரில் பீக்கனைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, முன்பின்னாகவும் இடவலமாகவும் நகர்த்தி, மிகச் சிறிய எண் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருளாகச் சுற்றிக்கொண்டே புரோப்பைச் செங்குத்தாகக் குத்துங்கள். ஆள் மேல் பட்டதும் புரோப்பை உருவாதீர்கள். சரிவில் அதற்குக் கொஞ்சம் கீழே நின்று உள்நோக்கித் தோண்டுங்கள். கை தானாகச் செய்யும் வரை இதைப் பழகுங்கள். கைபேசியை பீக்கன் பக்கத்தில் வைக்க வேண்டாம், அது சிக்னலைக் குழப்பும்.

படி 6: முந்தின நாளே அறிக்கையைப் படியுங்கள்

நார்வே அரசின் நீர்வள, ஆற்றல் துறை வர்சோம் என்ற தளத்தில் தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. லிங்கனுக்குத் தனி அறிக்கை உண்டு. அபாயம் 1 முதல் 5 வரை. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். என்ன வகைப் பிரச்சினை, எந்தத் திசைச் சரிவில், எத்தனை மீட்டருக்கு மேல் என்பதுதான் முக்கியம். இங்கே அடிக்கடி வருவது காற்று கொண்டுவந்து அடுக்கிய பனிப் பலகை. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளில் உடைகின்றன. ஆனால் மேலே உடைந்தது கீழே சமமான இடம் வரை ஓடி வரும். வரைபடத்தில் உங்கள் பாதைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மறுநாள் திட்டத்தைக் கைடு சொல்லும்போது “ஏன் இந்தச் சரிவு?” என்று கேளுங்கள். நல்ல கைடுகளுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

படி 7: ஏறுங்கள்

ஸ்கீயின் அடிப்பாகத்தை ஈரம் இல்லாமல் துடைத்து, ஸ்கின்னை முனையில் மாட்டி, வால் வரை உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கிளம்புமுன் கைடு சற்றுத் தள்ளி நிற்பார். ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக, பீக்கன் வேலை செய்கிறதா என்று பார்ப்பார். தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு லேசான குளிரோடு தொடங்குங்கள். பத்தே நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும்.

கீழே பூர்ச்ச மரக் காடு. அதில் ஸ்கீயைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்துப் போங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். மரங்கள் முடிந்து சரிவு கூடும்போது வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் கிக் டர்ன். இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்காகச் சமமாக நிறுத்துங்கள். மேல்பக்க ஸ்கீயைத் தூக்கிப் புதுத் திசைக்குத் திருப்பி ஊன்றி, எடை முழுவதையும் அதன்மேல் கொண்டுவாருங்கள். இப்போது கீழ்ப்பக்கக் காலைத் தூக்கிக் குதிகாலால் ஸ்கீயை ஒரு தட்டுத் தட்டினால் முனை மேலெழும்பும். அந்த நொடியில் காலைச் சுழற்றிவிடுங்கள். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் எடையை மாற்றாமலேயே இரண்டாவது காலை எடுப்பவர்கள்தான்.

பனி ‘வும்ப்’ என்று அமுங்கினாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ உடனே கைடிடம் சொல்லுங்கள். அவர் திரும்பலாம் என்றால் உச்சி நூறு மீட்டரில் இருந்தாலும் திரும்பத்தான் வேண்டும்.

படி 8: இறங்குங்கள்

உச்சியில் முதல் வேலை ஜாக்கெட். பிறகு ஸ்கின்னை உரித்து மடித்து உள்ளே வையுங்கள். பூட்ஸைச் சறுக்கும் நிலைக்கு மாற்றி, ஏறும்போது விடுபட்டிருந்த குதிகாலை ஸ்கீயோடு பூட்டுங்கள். இதை ஐந்து நிமிடத்தில் முடித்தால் ஃபியோர்டைப் பார்க்க நேரம் கிடைக்கும், விரல்களும் மரத்துப்போகாது. கைடு முதலில் இறங்குவார். அவர் சைகை காட்டிய பிறகு ஒவ்வொருவராக இறங்கி, அவர் சொன்ன இடத்தில், அவரைத் தாண்டாமல் நில்லுங்கள். வழியில் கலைமான் (ரெயின்டீர்) கூட்டம் தென்பட்டால் தூரமாகச் சுற்றிப் போங்கள். அவை இப்பகுதியின் பழங்குடியினரான சாமி மக்களின் மந்தைகள். வசந்தத்தில் குட்டி போடும் காலம், விரட்டினால் தாங்காது.

திரும்பியதும் ஸ்கின்னை அறையில் தொங்கவிட்டுக் காயவையுங்கள், ஹீட்டர் மேல் போட்டால் பசை கெடும். பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி வையுங்கள். பீக்கனை அணைத்து, பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் மறுநாளுக்கான அறிக்கையைத் திறந்துவிடுங்கள்.