பேய்ப்பட விளம்பரங்களின் மரபுகளை ஆராய்வது எப்படி? ஊடக மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

விஸ்காம், இதழியல், திரைக்கலை போன்ற படிப்புகளில் ஒரு பேய்ப்படத்துக்கான டீசரும் போஸ்டரும் தயாரித்து வரும்படி செயல்திட்டம் கொடுக்கப்பட்டால், பெரும்பாலான மாணவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராக இருட்டான மாடிப்படியைத் தேடிப் போகிறார்கள். ஆய்வுப் பகுதியைக் கடைசி வாரத்தில் எழுதுகிறார்கள். கறுப்பும் சிவப்பும் அச்சத்தைக் குறிக்கின்றன என்ற ஒரே வாக்கியம் எல்லோருடைய கோப்பிலும் இருக்கும். அது பொய்யில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு போஸ்டரைக்கூட வடிவமைக்க முடியாது.

பேய்ப்படத்தை விற்பவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. ஜவுளிக்கடைக்காரர் சேலையை விரித்துக் காட்டித்தான் விற்கிறார். பேயை விரித்துக் காட்டிவிட்டால் பிறகு திரையரங்கில் விற்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே இவ்வகைப் படங்களின் விளம்பர மரபுகளில் பெரும்பகுதி மறைக்கும் உத்திகளே என்பது என் கணிப்பு. எதை மறைத்தார்கள், அதற்குப் பதிலாக எதைக் காட்டினார்கள், எப்போது காட்டினார்கள் என்ற மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டு, கீழே சொல்லப்படும் படிகளைத் தொடங்கலாம்.

படி 1: உள்வகையைத் தேர்ந்தெடுங்கள்

"பேய்ப்பட விளம்பரம்" என்ற தலைப்பு முனைவர் பட்ட ஆய்வுக்கே பெரிது. ஆவி புகுந்தவரின் கதை, பேய் வீட்டுக் கதை, கத்தியோடு துரத்தும் கொலையாளியின் கதை, யாரோ விட்டுச்சென்ற வீடியோவைப் போல எடுக்கப்படும் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என ஒவ்வொன்றுக்கும் விளம்பர வழக்கம் வேறு. கொலையாளிப் படங்களில் ஆயுதமும் முகமூடியும் வெளிப்படையாகவே வரும். 1978-இல் வெளிவந்த ஹாலோவீன் படத்தின் போஸ்டரில் கத்தி பிடித்த கையும் பூசணி விளக்கும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. கத்தி தெரிகிறது, பிடித்திருப்பவன் தெரிவதில்லை. ஆவிக் கதைகளிலோ பெரும்பாலும் ஆயுதமே இருப்பதில்லை என்பதால் ஒளியும் வெற்றிடமும் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் படங்களை ஆய்வில் சேர்க்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. காஞ்சனா, அரண்மனை வரிசைப் படங்கள் பேயோடு நகைச்சுவையையும் சேர்த்து விற்பவை. அவற்றின் போஸ்டர்களில் நடிகர்களின் முகங்கள் பெரிதாக, கூட்டமாக, நல்ல வெளிச்சத்தில் நிற்கும். ஓடும் பேருந்திலிருந்து சுவரைப் பார்ப்பவருக்கு யார் நடித்த படம் என்று தெரிந்தாக வேண்டுமல்லவா? அவற்றை ஹாலிவுட் ஆவிப் படங்களோடு ஒரே பட்டியலில் கலந்தால் எந்த மரபும் தென்படாது. தனிப் பட்டியலாக வைத்து ஒப்பிட்டால், நட்சத்திர முகத்தை மறைக்க முடியாத சந்தையில் பேயை எப்படி மறைக்கிறார்கள் என்ற நல்ல ஆய்வுக் கேள்வி கிடைக்கும்.

படி 2: மாதிரிகளைச் சேகரியுங்கள்

ஒரே உள்வகையில் ஐந்தாறு படங்கள் போதும். அவற்றில் குறைந்தது இரண்டு 1990-க்கு முற்பட்டவையாக இருக்கட்டும். பழையவை இல்லாமல் மரபு எங்கிருந்து வந்தது என்பது பிடிபடாது. ஒன்று வழக்கத்தை வெளிப்படையாக மீறிய படமாக இருக்கட்டும்.

இணையத்தில் தேடும்போது முதலில் வந்து விழும் அழகான போஸ்டர்களில் பல, ரசிகர்கள் தாங்களாகவே வடிவமைத்தவை. யூடியூபிலும் ரசிகர்கள் வெட்டி ஒட்டிய முன்னோட்டங்கள் உண்மையானவற்றோடு கலந்து கிடக்கின்றன. அடிப்பகுதியில் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பெயர்ப்பட்டி இருக்கிறதா, விநியோக நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போஸ்டர்களை ஆண்டுவாரியாகத் தொகுத்து வைத்திருக்கும் ஐஎம்பி அவார்ட்ஸ் போன்ற தளங்களிலும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். முன்னோட்டங்களைத் தயாரிப்பு அல்லது விநியோக நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ சேனலிலிருந்து மட்டும் எடுங்கள். மறுவெளியீட்டுக்காகப் புதிதாக வெட்டப்பட்டதைப் பழைய முன்னோட்டம் என்று எண்ணி ஆராய்ந்தால், 1970-களின் மரபு என்று நீங்கள் எழுதுவது அண்மைய ஆண்டொன்றின் மரபாக இருக்கும்.

படி 3: போஸ்டரைக் கட்டம் கட்டிப் படியுங்கள்

இந்தப் படிக்கு அவசரம் ஆகாது. தி எக்ஸார்சிஸ்ட் படத்தின் 1973-ஆம் ஆண்டு போஸ்டரை எடுத்துக்கொள்வோம். இரவு. தொப்பி அணிந்த ஒருவர் கையில் பெட்டியோடு ஒரு வீட்டின் எதிரே, தெருவிளக்கருகே நிற்கிறார். நமக்குத் தெரிவது அவருடைய கரிய உருவம் மட்டுமே. மாடி ஜன்னலிலிருந்து ஒளி சாய்வாக இறங்கி அவர்மேல் விழுகிறது. அவ்வளவுதான். படத்தின் மையமே ஆவி புகுந்த ஒரு சிறுமி. போஸ்டரில் அவள் இல்லை, இரத்தமும் இல்லை. வழக்கமாக நன்மையைக் குறிக்கும் ஒளி, இங்கே ஆபத்து இருக்கும் அறையிலிருந்து வருகிறது. வெளிச்சத்தைக் கண்டு அஞ்ச வைத்ததுதான் இதன் திறமை. 'கறுப்பு என்றால் அச்சம்' என்ற வாக்கியம் இதில் பாதியைக்கூட விளக்காது.

இப்போது ஏலியன் படத்தின் 1979-ஆம் ஆண்டு போஸ்டரை அதன் அருகில் வையுங்கள். கரிய வெளியில் ஒரு முட்டை, அதில் ஒரு விரிசல், விரிசலிலிருந்து வழியும் பச்சை கலந்த ஒளி. நடிகரின் முகம் ஒன்றுகூட இல்லை, உயிரியும் இல்லை. விண்வெளியில் அலறினால் யாருக்கும் கேட்காது என்ற பொருள்பட வரும் அதன் டேக்லைன் (போஸ்டரில் வரும் விளம்பர வாசகம்), அச்சத்தைப் பற்றிப் பேசாமல் உதவி கிடைக்காத நிலையைப் பற்றிப் பேசுகிறது. இரண்டு போஸ்டர்களுக்கும் பொதுவாக இருப்பது நிறமல்ல. அச்சத்தின் காரணத்தை மறைத்துவிட்டு அது இருக்கும் இடத்திலிருந்து கசியும் ஒளியை மட்டும் காட்டும் முறை. இப்படிப்பட்ட ஒன்றை நீங்களே கண்டுபிடித்து எழுதினால்தான் அது ஆய்வு.

கண்ணால் பார்த்ததை எண்ணிக்கையாக மாற்றவும் ஓர் எளிய வழி இருக்கிறது. படத்தொகுப்பு மென்பொருளில் போஸ்டரின் மேல் பத்துக்குப் பத்து என்று நூறு கட்டங்கள் வரைந்து, ஏறக்குறைய முழுவதும் இருளாக இருப்பவை எத்தனை, முகம் விழும் கட்டங்கள் எத்தனை, எழுத்து விழுபவை எத்தனை என்று எண்ணுங்கள். "இருள் அதிகம்" என்பதற்குப் பதிலாக, நூற்றில் இத்தனை கட்டங்கள் இருள் என்று எழுத முடியும். அதே ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒளி வரும் திசை, முகத்தில் மறைக்கப்பட்ட பகுதி, எழுத்துருவின் தன்மை, டேக்லைன் யாரை நோக்கிப் பேசுகிறது, நடிகர் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பத்திகள் ஒதுக்குங்கள்.

படி 4: முன்னோட்டத்தை ஷாட் ஷாட்டாகப் பிரியுங்கள்

முதல் தடவை எதையும் குறிக்காமல் பாருங்கள். இரண்டாவது தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பேய்ப்பட முன்னோட்டங்களில் பாதி வேலையை ஒலிதான் செய்கிறது என்பது அந்த மூன்றாவது தடவையில் தெளிவாகும்.

பிறகு பட்டியலிடத் தொடங்கலாம். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னாலும் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னாலும் நகரும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் (இரண்டு வெட்டுகளுக்கு இடையே ஓடும் காட்சித் துண்டு) ஒரு வரிசை ஒதுக்கி, தொடங்கும் நேரம், நீளம், கேமராவின் தூரமும் கோணமும், காட்சியில் இருப்பது, ஒலி, திரையில் வரும் எழுத்து ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டரை நிமிட முன்னோட்டத்தில் நூறு ஷாட்டுகளுக்கு மேலும் வரக்கூடும் என்பதால், முதலில் ஒரு டீசரில் பழகிக்கொள்வது நல்லது.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு பத்து விநாடிக்கும் எத்தனை ஷாட்டுகள் என்று எண்ணி வரைபடமாக்குங்கள். அண்மைக்கால முன்னோட்டங்கள் பலவற்றில் ஒரே வடிவம் தென்படும். அமைதியான குடும்ப வாழ்க்கையில் நீண்ட ஷாட்டுகள், சிறு இடைஞ்சல் ஒன்று, வேகமெடுக்கும் வெட்டுகள், சட்டென்று கரிய திரையும் நிசப்தமும், படத்தின் பெயர், பெயர் வந்தபின் முடிந்துவிட்டது என்று தளரும் நேரத்தில் கடைசியாக, சட்டென்று திடுக்கிட வைக்கும் ஒரு ஜம்ப் ஸ்கேர். அந்த நிசப்தம் எத்தனை விநாடி நீடிக்கிறது என்பதைக் கட்டாயம் அளந்து வையுங்கள். உங்கள் டீசரைத் தொகுக்கும்போது மிகவும் பயன்படப்போகும் எண் அதுதான்.

வழக்கத்தை மீறியதற்கு எடுத்துக்காட்டு தேடினால் சைக்கோ படத்தின் 1960-ஆம் ஆண்டு முன்னோட்டத்தை விட்டுவிடாதீர்கள். இயக்குநர் ஹிட்ச்காக், கதை நடக்கும் விடுதியையும் வீட்டையும் ஆறு நிமிடத்துக்கும் மேலாகச் சுற்றுலா வழிகாட்டியைப் போலக் காட்டிக்கொண்டு போகிறார். சுவையான இடத்தில் பேச்சைப் பாதியில் விழுங்கிவிடுகிறார். முடிவில் குளியலறைத் திரை விலகும்போது அலறுபவர் படத்தில் அந்தக் காட்சியில் வரும் ஜேனட் லீ அல்லர், வேரா மைல்ஸ். படம் தொடங்கிய பின் எவரையும் அரங்கத்துக்குள் விடக்கூடாது என்ற நிபந்தனையும் அந்தப் படத்தின் விளம்பரமாகவே மாறியது.

படி 5: பிரசாரத்துக்கு ஒரு நாட்காட்டி போடுங்கள்

போஸ்டரையும் முன்னோட்டத்தையும் தாண்டி, எந்தத் தகவல் எந்த மாதத்தில் வெளியே விடப்பட்டது என்பதைக் காலவரிசையில் எழுதுங்கள். தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட் 1999 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதற்கு முன்பே அதன் இணையதளம், காட்டில் காணாமல்போன மூன்று மாணவர்களைப் பற்றிய உண்மை ஆவணங்களைப் போலச் செய்திகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. காணவில்லை என்ற அறிவிப்புகளும் ஒட்டப்பட்டன. மிகச் சிறிய செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் உலக அளவில் 24 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. இணையம் புதிதாக இருந்த ஆண்டில்தான் அது சாத்தியம் என்பதை உங்கள் குறிப்பில் சேர்க்க வேண்டும். இன்று நடிகரின் பெயரைத் தேடினால் ஒரு நொடியில் குட்டு உடைந்துவிடும். மறைந்துபோன பழைய இணையதளங்களை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேதிவாரியாகப் பார்க்கலாம்.

பாராநார்மல் ஆக்டிவிட்டி சுமார் 15,000 டாலரில் எடுக்கப்பட்ட படம். 2009-இல் அதை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனம், எங்கள் ஊருக்கும் இந்தப் படம் வேண்டும் என்று ரசிகர்களே இணையத்தில் வாக்களிக்கும்படி செய்தது. முன்னோட்டத்தில் படக்காட்சிகளுக்கு இடையே, இருட்டில் அமர்ந்து அலறும் பார்வையாளர்களையே இரவுநேரக் கேமராவில் எடுத்துக் காட்டினார்கள். பேயை மறைத்துவிட்டு, பயந்தவரின் முகத்தைக் காட்டுகிறார்கள்! மறைத்ததற்கு மாற்றாக எதைக் காட்டினார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

புதியவற்றில் இரண்டு போதும். 2022 செப்டம்பரில் ஸ்மைல் படத்துக்காக, அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்களில் தொலைக்காட்சிக் கேமராவின் பார்வையில் படும் இருக்கைகளில் ஆட்களை அமர்த்தி, அசையாமல் சிரித்துக்கொண்டிருக்க வைத்தார்கள். 2024-இல் வந்த லாங்லெக்ஸ் படத்தின் பிரசாரம் நிக்கோலஸ் கேஜ் ஏற்ற பாத்திரத்தின் முகத்தை வெளியீடு வரை மறைத்தே வைத்திருந்தது. புகழ்பெற்ற நடிகரின் முகத்தையே ஒளித்துவைத்தது துணிச்சல்தான்.

படி 6: சான்றிதழைக் கவனியுங்கள்

யாருக்கு விற்கிறார்கள் என்பதைத் தணிக்கைச் சான்றிதழ் சொல்லிவிடும். 2012-இல் பிரிட்டனில் வெளியான தி வுமன் இன் பிளாக் படத்துக்கு, 15 வயதுக்கான சான்றிதழுக்குப் பதிலாக இளையவர்களும் பார்க்கக்கூடிய 12ஏ சான்றிதழ் வேண்டும் என்பதற்காகச் சில விநாடிகள் வெட்டப்பட்டன. ஹாரி பாட்டராக நடித்துப் பின் இதில் நாயகனாக வந்த டேனியல் ராட்கிளிஃபின் ரசிகர் வயதை நினைத்துப்பார்த்தால் காரணம் புரியும். இந்தியாவில் 2024 இறுதி முதல் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கற்பனைப் படத்துக்கு இவற்றில் எது கிடைக்கும் என்று முடிவுசெய்து, போஸ்டரில் அதற்கு ஒவ்வாத படிமம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: பார்வையாளரிடம் கேளுங்கள்

"இந்த போஸ்டர் பயமாக இருக்கிறதா?" என்று நண்பர்களிடம் கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். போஸ்டரை ஐந்து விநாடி மட்டும் காட்டி மறைத்துவிட்டு, முதலில் எங்கே பார்த்தீர்கள், எதற்காகக் காத்திருக்கத் தோன்றியது, என்ன கதையாக இருக்கும் என்று கேளுங்கள். பதில்களை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டால், உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த குறியீடு வெளியே எத்தனை பேருக்குத் தெரியவில்லை என்பது வெளிப்படும்.

படி 8: கண்டவற்றை முடிவுகளாக மாற்றுங்கள்

இறுதியாக நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. கண்டறிந்த மரபு, அது எத்தனை மாதிரிகளில் வந்தது, அது ஏன் வேலை செய்கிறது, அதை நான் பின்பற்றுகிறேனா மீறுகிறேனா. ஒரு வகைமை திரும்பச் சொல்வதாலும் வேறுபடுவதாலும் சேர்ந்தே உயிர்வாழ்கிறது என்ற திரைப்பட ஆய்வாளர் ஸ்டீவ் நீலின் கருத்தை எல்லா மாணவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நான்காம் பத்தியில் ஒரு வரிசையிலாவது 'மீறுகிறேன்' என்று எழுதி அதற்குக் காரணமும் சொன்னால்தான் அந்த மேற்கோளுக்கு வேலை இருக்கிறது. ஐந்து மாதிரிகளில் நான்கில் வந்தால் மரபு என்று சொல்லுங்கள். இரண்டில் மட்டும் வந்ததை ஒரு போக்கு என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த அட்டவணையைப் படப்பிடிப்புக்கு முன்பே முடித்து, உங்கள் போஸ்டரின் முதல் வரைவுக்கும் அதே நூறு கட்டச் சோதனையைச் செய்து, எண்களை மற்ற மாதிரிகளின் அருகில் எழுதுங்கள். கைவிட்ட வரைவுகளையும் ஏன் கைவிட்டீர்கள் என்ற ஓரிரு வரிக் குறிப்போடு தேதியிட்டுக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். மதிப்பீட்டாளர் உங்கள் ஆய்வு எந்த இடத்தில் வடிவமைப்பை மாற்றியது என்று கேட்கும்போது எடுத்துக் காட்ட வேண்டியவை அவைதான்.