மாருதி 800 இன்ஜினை நீங்களே கட்டலாம்: போரிங்குக்கு முன்னும் பின்னும்

நீலப்புகை வருகிறது, ஆயில் குறைகிறது என்றதும் இன்ஜினை இறக்கிவிடாதீர்கள். முதலில் கம்ப்ரெஷனை, அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, கேஜ் வைத்துப் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும், அதாவது சிலிண்டரின் உள்துளையும், தேய்ந்திருக்கின்றன. அந்தத் துளையைப் பட்டறையில் கடைந்து பெரிதாக்குவதுதான் போரிங். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வுதான், வால்வு இருக்கும் மேல்பகுதியான ஹெட்டோடு வேலை முடிந்துவிடும்.

கழற்றுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கனெக்டிங் ராடு, பேரிங் கேப் எல்லாவற்றிலும் எண் குறித்துவிடுங்கள், இடம் மாறக்கூடாது.

சிலிண்டர் வாயிலிருந்து கொஞ்சம் கீழே நகத்தை ஓட்டினால் ஒரு படி தட்டும். அதை ஒட்டிக் கீழேதான் தேய்மானம் அதிகம். அப்புறம் போர் கேஜால் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதுங்கள். கம்பெனி அளவு 68.5 மி.மீ. 0.25 கூடுதல் பிஸ்டன் என்றால் 68.75, 0.50 என்றால் 69.

நான் சறுக்கியது இங்கேதான். பாளையங்கோட்டையில் போரிங்கை முடித்துவிட்டு அப்புறம் பிஸ்டன் வாங்கினேன். போட்டால் இறுக்கமாக நிற்கிறது. திரும்பவும் பட்டறை, திரும்பவும் ஹோனிங் (போர் சுவரைக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது) கூலி. பிஸ்டனை முதலில் வாங்கிக் கொண்டுபோய், "அண்ணாச்சி, இதை அளந்து போர் பண்ணுங்க, எது எந்தச் சிலிண்டருக்குன்னு நம்பரும் போட்டிருங்க" என்று கையில் கொடுத்துவிடுங்கள்.

ஹோனிங் முடிந்த சுவரில் குறுக்குக் கோடுகள் தெரியும், ஆயில் தங்குவது அவற்றில்தான். கல்பொடியும் அங்கேயே ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெய்க்கு அது முழுசாகப் போகாது. வெந்நீரும் சோப்பும் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, பழைய வெள்ளை வேட்டித் துணியால் துடையுங்கள். எனக்கு ஐந்தாவது துண்டில்தான் கறுப்பு நின்றது. உலர்ந்ததும் ஆயில் பூசிவிடுங்கள், வார்ப்பிரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு ஏறும்.

ஆனி, ஆடியில் திறந்த கொட்டகையில் வைத்துக் கட்ட வேண்டாம். நம்ம ஊர்க் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்து போருக்குள் கொட்டிவிடும்.

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளுங்கள். ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) பாருங்கள். போர் அளவை 0.004 ஆல் பெருக்குவது உத்தேசக் கணக்கு, 69-க்கு 0.28 மி.மீ. மேனுவலில் உள்ளதே முடிவு. குறைந்தால் மெல்லிய அரத்தால் ராவுங்கள். சூட்டில் முனைகள் முட்டினால் சுவரைக் கீறிவிடும்.

ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தடவையாக, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அடியுங்கள். பிளக்கை மாட்டுவது அதற்கு அப்புறம்.