பரீட்சை நடையிலிருந்து சொந்த நடைக்கு

பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். "எனக்குன்னு ஒரு நடை வரணும் சார், என்ன செய்ய?" என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

எழுத உட்காருவதற்கு முன்னால் வாயால் சொல்லிப் பார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததே, அதைப் பற்றி சிந்துபூந்துறைப் பையன் ஒருவன் கட்டுரை கொண்டுவந்தான். 'இயற்கையின் சீற்றத்தால் நெல்லை மக்கள் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாயினர்' என்று தொடக்கம். நோட்டை வாங்கி மூடிவைத்துவிட்டு, "உங்க வீட்டுல என்னலே நடந்துச்சு?" என்றேன்.

"கட்டிலுக்கு அடியில தண்ணி வந்ததும், ஆச்சி ரேஷன் அரிசியத்தான் மொதல்ல பரண்ல ஏத்தச் சொன்னா சார். அப்பா டிவியத் தூக்கிட்டு நின்னுக்கிட்டே அவகூடச் சண்டை போட்டாரு."

இதை அப்படியே எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொன்னேன். 'கட்டிலுக்கு அடியில் தண்ணீர் வந்ததும், ஆச்சி ரேஷன் அரிசியைத்தான் முதலில் பரணில் ஏற்றச் சொன்னாள். அப்பா டிவியைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே அவளோடு சண்டை போட்டார்.' பேச்சு வழக்கு போய்விட்டது, பையன் போகவில்லை. அவன் எதைக் கவனித்தான், எதை முதலில் சொன்னான் என்பதில்தான் அவனுடைய நடை இருக்கிறது. அதனால் இலக்கணத்தைத் திருத்து, வரிசையில் மட்டும் கை வைக்காதே.

செல்போனில் பதிவு செய்துகொள்வது நல்லது. ஆனால் தனியாக உட்கார்ந்து பேசினால் மேடைப் பேச்சு வந்துவிடும். அத்தை மகனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ யாராவது எதிரில் இருக்கட்டும்.

அப்புறம் வெட்டு. 'என்றால் அது மிகையாகாது', 'இயற்கை எழில் கொஞ்சும்' எல்லாம் வகுப்பில் எல்லோர் நோட்டிலும் இருக்கும். ஒரு வாக்கியத்தைப் பக்கத்து பெஞ்சுக்காரன் நோட்டில் ஒட்டினாலும் பொருந்துமென்றால் அடித்துவிடு. பரீட்சைத் தாள் வேறு கணக்கு. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று அவர்கள் கேட்பதைக் கொடுத்து மார்க்கை வாங்கிக்கொள். அதில் போய் வீரம் காட்டாதே.

நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மயக்கம் உண்டு. வரிக்கு வரி 'ஏலே', 'வே' போட்டால் சொந்த நடை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். புதுமைப்பித்தனும் கி.ராஜநாராயணனும் பழைய திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள்தான். ஒருவர் எழுதிய பத்தியை இன்னொருவருடையது என்று யாராவது ஏமாறுவார்களா? 'ஏலே'யை யார் வாயில் வருமோ அவர் வாயிலேயே விட்டுவிடு. ஆச்சி பேசும்போது ஆச்சி மாதிரி பேசட்டும், நடுவில் நீ கதை சொல்லும் இடத்தில் உனக்கு எது தானாக வருகிறதோ அது போதும்.

எழுதி முடித்ததும் யாருக்காவது சத்தமாக வாசித்துக் காட்டு. தமிழ் வாத்தியார் வேண்டாம், நானும் வேண்டாம். நாங்கள் ஒற்றுப்பிழை பார்ப்பதிலேயே இருப்போம். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வாசி. எந்த வரியில் அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போகிறாளோ, அந்த வரிக்கு நேராக பென்சிலில் ஒரு கோடு போட்டுக்கொள். திருத்துவதை அங்கிருந்து ஆரம்பி.