ஆர் மொழியில் ஒரு வடலி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதியோரத்தில் வடலிகளை, அதாவது இளம் பனைகளைப் பார்த்திருப்பீர்கள், நிலத்திலிருந்தே விரிகிற ஓலை. அதைக் கையால் வரையாமல், எழுமாற்று எண்களைக் கொண்டு ஆர் என்ற கணினி மொழியில் விரிய வைக்கலாம். ஆர், ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாகாவும் றொபேர்ட் ஜென்டில்மனும் புள்ளிவிபரவியலுக்காக உருவாக்கியது. இலவசம். ஒருமுறை இறக்கி நிறுவினால் போதும், பிறகு இன்டர்நெட் தேவையில்லை. கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்; பெரிய எழுத்துப் போட்டால் ஆருக்கு அது வேறு பெயர்.

முதலில் செற்.சீட்(35). இதுதான் விதை: அதே எண்ணைக் கொடுத்தால் அதே படம் திரும்ப வரும். அடுத்து பிளொட்.நியூ(), பிளொட்.விண்டோ(சி(-80, 80), சி(0, 400)). இப்போது அச்சுகள் இல்லாத வெறுந்தாள் கிடைக்கும்.

சரி, ஓலைக்கு வருவோம். ஆர்நோர்ம்(400) செவ்வன் பரம்பலிலிருந்து, அதாவது பூச்சியத்தைச் சுற்றி மணி வடிவில் திரள்கிற பரம்பலிலிருந்து, 400 எண்கள் தரும், கம்சம் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகும், அந்தத் தொடரை எக்ஸ் ஆகவும் 1:400 ஐ வை ஆகவும் லைன்ஸுக்குக் கொடுத்தால் அடியிலிருந்து மேலே நெளிந்து ஏறும் ஒரு கோடு. ஃபோர் வளையத்துக்குள் வைத்து 300 தரம் ஓட்டுங்கள். நிறம் ஆர்ஜிபி(0, 0.4, 0.2, 0.15), கடைசி எண் ஒளிபுகாமை, அதைச் சிறிதாக வைத்தால்தான் கோடுகள் மேவுகிற இடம் கருமையாகத் திரளும், எனக்குப் படத்தில் மிகப் பிடித்த இடமே அதுதான்.

ஆனால் இது இன்னும் புகை மாதிரித்தான் இருக்கும். உயர்தரத்தில் படித்ததுதான் காரணம்: 400 படிக்குப் பின் நியம விலகல் (கோடுகள் நடுவிலிருந்து பரவுகிற அளவு) 400 இன் வர்க்கமூலம், அதாவது 20. அடியில் சட்டென்று விரிந்து பிறகு சோம்பிவிடும். ஓலை நேராகப் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் தனிச் சாய்வு கொடுங்கள்: ஆர்யூனிஃப்(1, -0.15, 0.15) அந்த இரண்டு எல்லைக்குள் எழுமாற்றாகத் தருகிற எண்ணை ஆர்நோர்முக்கு இடையாகவும் (சராசரி) 0.3 ஐ நியம விலகலாகவும் போடுங்கள். உடனே விசிறி விரியும். 0.3 ஐ 0.1 ஆக்கினால் ஓலை விறைக்கும், 0.6 என்றால் காற்றில் கலைந்ததுபோல இருக்கும். இந்த எண்ணோடு அவசரப்படாமல் விளையாடுங்கள், படத்தின் குணம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

அப்புறம் சேமிப்பு. பிஎன்ஜி கட்டளைக்கு அகலம், உயரம் 3000, ரெஸ் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 300 கொடுத்தால் 10 அங்குலத்துக்கு அச்சடிக்கலாம். அதை வரைவதற்கு முன்பே அடித்து, விதையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, கடைசியில் கோப்பை மூட டெவ்.ஒஃப்() போடுங்கள். கோப்பின் பெயரில் விதை எண்ணையும் எழுதிவிடுங்கள்: வடலி35.